நிலூஷா இருந்த குழுக்கள்

எங்கள் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் யாரையாவது வேலையிலிருந்து நிறுத்தும்போது கடிதம் கொடுப்பதில்லை. கணினியில் கோப்புகளைத் திறக்க அனுமதி தரும் குழுக்களிலிருந்து அவர் பெயரை எடுத்துவிடுவோம். மறுநாள் காலை வந்து கதிரையில் உட்கார்ந்து, ஒரு கோப்பும் திறக்காதபோது அவருக்கே விளங்கும். இங்கே வேலை பார்த்த கணேஸ் அப்படித்தான் போனான். அவன் பெயரை எடுத்தது நான்.

பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்ட எனக்குக் கிடைத்தது கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் இந்த இரவு வேலைதான்.

நாங்கள் நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் முகாமையாளர் பளீல், அன்றிரவு நிலூஷாவை 'அறிக்கை' குழுவில் சேர்க்கச் சொல்லியிருந்தார். பன்வில என்ற ஊரிலிருந்து வருபவள். அவளுடைய ஆறு மாதத் தற்காலிக வேலை மறுநாள் நிரந்தரமாக வேண்டும். 'பதிவு', 'நோயாளர்' என்ற இரண்டு குழுக்களில் ஏற்கெனவே இருந்தாள். இருப்பவற்றோடு சேர் என்று கணினிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் புதியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிடும். நான் சொல்லவில்லை. சரிபார்க்கவும் இல்லை.

காலை எட்டு மணிக்கு வேலை முடிந்து நான் கிளம்பும்போது அவளுடைய கதிரை காலியாக இருந்தது.

"நிலூஷா எங்க நானா?"

"வந்தா. ஒண்டும் தொறக்கல்லயாம். அலுமாரிச் சாவிய வெச்சிட்டுப் போய்ட்டா." தேநீரை உறிஞ்சினார். "அவவாவே போனா நமக்கென்ன? ஏன்ட தங்கச்சிட மகன் அர்கம் சும்மாதானே ஈக்கிறான்."

"பிழை ஏன்டது. நான்தான் அழிச்சிட்டேன்."

"மெதுவாப் பேசு ருஷ்தி."

நான் மெதுவாகப் பேசவில்லை. காத்திருந்த நோயாளிகள் எல்லோருக்கும் கேட்டது.

பஸ் நிலையத்துக்கு ஓடினேன். பன்வில பஸ்ஸில் நிலூஷா யன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"எறங்கு. ஒன்ன நிப்பாட்டல்ல. நான் பிழையா அடிச்சிட்டேன்."

"கணேஸுக்கும் பிழையாத்தான் அடிச்சீங்களாண்ணே?"

"இல்ல. அது சரியாத்தான் அடிச்சேன்."

கண்டக்டர் சிங்களத்தில், இறங்குவதா இல்லையா என்று அதட்டினான். இறங்கினாள்.

நிலையத்துக்குத் திரும்பி மூன்று குழுக்களிலும் அவளைப் போட்டேன். கணினியிலிருந்து ஒருமுறை வெளியேறி மறுபடி நுழைந்தாள். அப்போதுதான் மாற்றம் பிடிக்கும். கோப்பு திறந்தது. ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் பளீல் நானா நிரந்தரக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

"இனி யாரையாவது நிப்பாட்டுறதுன்னா வாயால சொல்லுங்க," என்றாள் நிலூஷா. அவர் பேனாவை மூடினார்.

வாசலில் என்னை நிறுத்தினார்.

"நாளைக்கு அர்கம் வருவான். ஒன்ட இந்தக் குழு வேலையெல்லாம் அவனுக்குப் பழக்கிக் குடு."

"சரி நானா," என்றேன். தூக்கத்தில் கண் செருகியது.