பூ அனுப்ப வேண்டாம்

கோர்டி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, பத்திரிகைக்கு மரண அறிவிப்பு எழுதியிருந்த மஞ்சள் தாளை மார்லிஸின் பக்கம் மெல்லத் தள்ளினார்.

“கடைசிப் பாரா வேணுமா, மார்லிஸ்?”

“வேணும்னுதானே எழுதியிருக்கேன்.”

அம்மா மார்லிஸின் பக்கத்தில் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள் சோன்யா. எல்க் ஃபோர்க் ஊரில் யார் செத்தாலும் கடைசிக் காரியங்களைக் கோர்டிதான் செய்வார். பள்ளியில் மார்லிஸுக்கு இரண்டு வகுப்பு கீழே படித்தவர். இந்த அறைக்குப் பின்னால் இருந்த கதவு மூடியிருந்தது. அதற்கு அந்தப்பக்கம் அப்பா லேலண்ட் இருந்தார்.

நேற்று, செவ்வாய்க்கிழமை காலை, லேலண்ட் தன் வெல்டிங் பட்டறையின் நடுவே கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்திருந்தார். கையுறையைக்கூடக் கழற்றவில்லை. காப்பி கொண்டுபோன மார்லிஸ், களைத்துப்போய் மூச்சு வாங்குகிறார் என்று நினைத்தாள். ஆறு மாதமாக அப்படித்தான் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தார். பக்கத்தில் போன பிறகுதான் மூச்சே இல்லை என்று தெரிந்தது. அறுபத்து மூன்று வயது. இன்னும் இரண்டு வருடம் தள்ளியிருந்தால் முதியவர்களுக்கான அரசாங்கக் காப்பீட்டுக்குள் போயிருப்பார்.

சோன்யா தாளை எடுத்துப் படித்தாள். பிறந்த தேதி, கல்யாணம், பட்டறை, தேவாலயப் பாடகர் குழு, நாற்பது வருடமாக அவர் அளந்த மீன்பிடிப் பொய்கள். கடைசிப் பாராவில் அம்மாவின் எழுத்து பெரிதாகியிருந்தது.

‘லேலண்டின் இதய வால்வு சுருங்கிப்போயிருந்தது. மாற்றினால் பிழைப்பார் என்று டாக்டர் சொன்னார். மாற்றத் தேவையில்லை என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி மூன்று முறை கடிதம் போட்டது. யார் சொன்னது சரி என்று இப்போது தெரிந்துவிட்டது. பூ அனுப்ப வேண்டாம். கீழே உள்ள எண்ணுக்குப் போன் செய்து, ஏன் என்று கேளுங்கள். காத்திருக்கச் சொன்னால் காத்திருங்கள். லேலண்டும் காத்திருந்தார்.’

கம்பெனியின் முழுப்பெயரை எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டிருந்தாள். சோன்யா வேலை பார்க்கும் கம்பெனி.

“பேப்பர்ல போடுவாங்களான்னு தெரியல. வக்கீலைக் கேட்கணும்பாங்க” என்றார் கோர்டி.

“அதுல ஒரு வார்த்தை பொய் இருந்தா காட்டு. இப்பவே அடிச்சிடுறேன்.”

“பொய்னு நான் சொல்லலையே.”

“அப்புறம் என்ன?”

கோர்டி சோன்யாவைப் பார்த்தார். பார்த்துவிட்டு சட்டென்று கண்ணாடியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். ஊரில் எல்லோருக்கும் தெரியும், லேலண்டின் மகள் நகரத்தில் எங்கே வேலை பார்க்கிறாள் என்று. அவளுடைய ஒன்பது வயது மகள் ஈடாவுக்குச் சர்க்கரை நோய் என்பதும், இன்சுலின் அந்த வேலையோடு வரும் காப்பீட்டில்தான் கிடைக்கிறது என்பதும் பாதிப் பேருக்காவது தெரியும்.

மார்லிஸ் மகளின் பக்கம் திரும்பினாள்.

“உனக்காகக் கூட அடிக்க மாட்டேன், சோன்யா. முன்னாடியே சொல்லிட்டேன். அப்புறம் வந்து என்கிட்ட அழக் கூடாது.”

“நான் ஒண்ணும் சொல்லலையேம்மா.”

“சொல்லல. மூஞ்சி சொல்லுது.”

சோன்யாவின் மனதில் ஏப்ரல் மாதத்து ஒரு மாலை ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது கடிதம் வந்திருந்தது. அப்பா அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சிரித்தபடியே சொன்னார்: “உங்க ஆளுங்க என்னை வேண்டாம்னுட்டாங்க.” அவள் பதற்றத்தில் பேச ஆரம்பித்தாள். உங்களுக்கு மேல்முறையீடு செய்ய உரிமை உண்டு, டாக்டரிடம் கூடுதல் ஆவணம் வாங்கி அனுப்புங்கள், நாங்கள் அதை முழுமையாகப் பரிசீலிப்போம். பேசி முடித்த பிறகுதான் உறைத்தது, வேலையில் ஒரு நாளைக்கு அறுபது முறை போனில் சொல்லும் அதே வாக்கியங்கள், அதே குழைந்த குரலில். லேலண்ட் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நல்லாப் பேசுற கண்ணு. நேத்து போன்ல ஒருத்தி அப்படியேதான் சொன்னா. உன்னை மாதிரியேதான் இருந்தா. நல்ல பொண்ணு.”

கேலி பண்ணினாரா, உண்மையாகவே சொன்னாரா என்று இன்றுவரை அவளுக்குத் தெரியவில்லை.

சோன்யா மேசையிலிருந்து பேனாவை எடுத்தாள். மார்லிஸின் கை தாளை நோக்கி வந்து பாதியில் நின்றது. கோர்டி துடைப்பதை நிறுத்தினார்.

சோன்யா கடைசி வரிக்குக் கீழே இருந்த தொலைபேசி எண்ணை மட்டும் கோடிழுத்து அடித்தாள்.

“இந்த நம்பருக்குப் போட்டா மிஷின்தான் பேசும். ஒண்ணை அமுக்கு, நாலை அமுக்குன்னு சுத்த விட்டு, கடைசில தானா கட் ஆயிடும்.” அடித்த எண்ணுக்குப் பக்கத்தில் வேறொன்றை எழுதினாள். “இது புகார்ப் பிரிவு. இதுல ஆளுங்க எடுப்பாங்க. திங்கக்கிழமை காலைல எட்டு மணிக்குத் திறப்போம்.”

சொல்லி முடித்த பிறகுதான் ‘திறப்போம்’ என்று சொன்னது அவளுக்கே கேட்டது. பன்னிரண்டு பேர் உட்காரும் அந்த வரிசையில் ஏழாவது நாற்காலி அவளுடையது.

மார்லிஸ் அந்த எண்ணைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். தாளை எடுத்து நீட்டி, “திங்கக்கிழமை எட்டு மணின்னும் போட்டுடு, கோர்டி” என்றாள்.

அடக்கம் சனிக்கிழமை நடந்தது. பத்திரிகை வியாழனன்றே வந்துவிட்டது. பத்திரிகைக்காரர் வக்கீலையும் கேட்கவில்லை, ஒரு எழுத்தையும் குறைக்கவில்லை. அவருடைய மனைவிக்கும் ஏதோ கடிதம் வந்து வீட்டில் கிடக்கிறது என்று பேசிக்கொண்டார்கள்.

தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நீள மேசைகளில் பன்றிக்கறி வைத்த பன்களும், ஆரஞ்சு ஜெல்லியும், பெரிய கெண்டிகளில் காப்பியும் இருந்தன. வந்தவர்கள் மார்லிஸின் கையைப் பிடித்தார்கள். சோன்யாவின் கையையும் பிடித்தார்கள். சிலர் சற்றுச் சீக்கிரமாகவே விட்டார்கள். பாடகர் குழுவிலிருந்த டார்லா காப்பியைச் சோன்யாவின் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நின்றவளிடம் காதில் விழும்படியே சொன்னாள்: “இவளுக்கு ஒரு போன் பண்ணி அப்பாவைக் காப்பாத்தத் தெரியலையா? அங்கதானே உட்கார்ந்திருக்கா?”

சோன்யா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். சொந்தக்காரர்களின் கோப்பைத் திறந்தாலே வேலை போய்விடும் என்று சொல்லலாம். அவள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியிலிருந்து ஒரு வால்வைக்கூட யாருக்கும் வாங்கித் தர முடியாது என்று சொல்லலாம். ஆனால் மார்லிஸ் எங்கிருந்தோ வந்து சேர்ந்திருந்தாள்.

“டார்லா, அவ என்ன பண்ணணும்னு நான் சொல்லிக்கிறேன். நீ திங்கக்கிழமை எட்டு மணிக்குப் போனை எடு. அது போதும்.”

“எடுக்கிறேன்னுதானே சொல்றேன்.”

“எடுத்தப்புறம் வச்சிடாதே. உனக்குப் பொறுமை கிடையாது.”

டார்லா சிரித்துவிட்டாள். சிரித்ததற்காக உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். மார்லிஸும் சிரித்தாள். அன்று முழுக்க அவள் அழுததை யாரும் பார்க்கவில்லை. புறப்படும்போது மட்டும், காரில் ஏறியவள், எப்போதும்போல் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, “சாவி எங்கிட்ட இல்ல, சோன்யா. அது எப்பவும் அவர்கிட்டதான் இருக்கும்” என்றாள்.

துக்க விடுப்பு மூன்று நாள். திங்கட்கிழமை காலை ஏழு ஐம்பதுக்குச் சோன்யா தன் கைப்பேசியைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டு ஏழாவது நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு பேர் வந்து தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். சுவரில் மாட்டியிருந்த பலகை, காத்திருக்கும் அழைப்புகள் எத்தனை என்று காட்டும். திங்கட்கிழமைகளில் எட்டு மணிக்கு நாலோ ஐந்தோ இருக்கும்.

எட்டு மணி ஒரு நிமிடத்துக்குப் பதினெட்டு என்று காட்டியது. எட்டு ஐந்துக்கு முப்பத்தொன்று.

“என்னடா இது” என்றான் மூன்றாவது நாற்காலிக்காரன். “யார் இந்த லேலண்ட் ஆசன்? சினிமா நடிகரா?”

சோன்யா தனக்கு வந்த முதல் அழைப்பை எடுத்தாள். டார்லாதான். சோன்யாவின் குரலைக் கண்டுகொண்டும் காட்டிக்கொள்ளவில்லை. தேவாலயத்தில் பைபிள் வாசிப்பதுபோல் நிறுத்தி நிறுத்திக் கேட்டாள்: “லேலண்ட் ஆசனுக்கு ஏன் அனுமதி கொடுக்கலைன்னு தெரிஞ்சுக்கணும், அம்மா.” சோன்யா திரையில் ‘புகார்’ என்ற கட்டத்தை அழுத்தினாள். அடுத்தது பத்திரிகைக்காரர். அதற்கடுத்து பள்ளிப் பேருந்து ஓட்டுநர். ஒவ்வொன்றுக்கும் அதே கட்டம். புகார் என்று பதிவாகிவிட்டால் அதை ஒரு டாக்டர் படித்து, கையெழுத்துப் போட்டு, பதில் அனுப்பியாக வேண்டும். கம்பெனியே வைத்திருக்கும் விதி அது. லேலண்டின் மூன்று மறுப்புக் கடிதங்களிலும் எந்த டாக்டரின் கையெழுத்தும் இல்லை.

ஒன்பது மணிக்கு மேற்பார்வையாளர் கெண்ட்ரா வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். கெட்டவள் இல்லை. போன வருடம் ஈடா ஆஸ்பத்திரியில் இருந்தபோது தன் விடுப்பில் இரண்டு நாளைச் சோன்யாவுக்கு எழுதிக் கொடுத்தவள்.

“இதெல்லாம் உங்க ஊரா?”

“ஆமா.”

“உங்க அப்பா?”

“ஆமா.”

கெண்ட்ரா குரலைத் தாழ்த்தினாள். “மேல இருந்து சொல்லிட்டாங்க. எல்லாத்தையும் ‘தவறான எண்’னு போட்டு மூடணுமாம். குடும்பத்து ஆளுங்க இல்லாதவங்க புகார் கொடுக்க முடியாதுன்னு சொல்லிடு.”

“கொடுக்கலாம். பயிற்சில நீங்கதான் சொல்லிக் கொடுத்தீங்க. யார் வேணா கொடுக்கலாம்னு.”

“சோன்யா.”

“அவங்க தப்பான நம்பருக்குப் போடல, கெண்ட்ரா. சரியான நம்பர்தான். நான் எழுதிக் கொடுத்த நம்பர்.”

பக்கத்து நாற்காலிக்காரி விசையை அழுத்துவதை நிறுத்தியிருந்தாள்.

“இப்படி எங்கிட்ட சொல்லிட்டா நான் மேல எழுதிக் குடுத்தாகணும். உனக்கு ஒரு பொண்ணு இருக்கா. அவ மருந்து...”

“அவகிட்ட இருக்கிறதும் இதே கம்பெனி கார்டுதான்.” சோன்யா கையை மேசையின் விளிம்பில் அழுத்தி வைத்துக்கொண்டாள். “அவளுக்கும் ஒரு நாள் கடிதம் வரும். அன்னிக்கு யாராவது போனை எடுக்கணும்ல? நீங்க எழுதிக் கொடுங்க. அதுக்குப் பதில் வர்ற வரைக்கும் இது என் நாற்காலி.”

கெண்ட்ரா தன் அறைக்குப் போனாள். கதவைச் சாத்தினாள். கண்ணாடிக்குப் பின்னால் அவள் யாருடனோ போனில் பேசுவது தெரிந்தது.

சோன்யா அடுத்த அழைப்பை எடுத்தாள்.

“ஹலோ! ஹலோ! ஆளா, மிஷினா?”

“ஆள்தாங்க. என் பேர் சோன்யா. சொல்லுங்க.”

“பேரு காதுல விழல. பரவாயில்ல. எனக்கு எம்பத்தொரு வயசு, செவி மந்தமாப் போச்சு. நான் வெர்ன் டாலஃப்சன். நான் வைக்க மாட்டேன், முதல்லயே சொல்லிட்டேன். எனக்கு இன்னிக்கு வேற வேலை இல்ல.”

“வைக்க வேண்டாம், வெர்ன். லேலண்ட் ஆசன் உங்களுக்கு என்ன உறவு?”

திரையில் மனைவி, பிள்ளை, வக்கீல், மற்றவை என்று நான்கு கட்டங்கள் இருந்தன.

“உறவா? ஒண்ணுமில்ல. பக்கத்து வீடுகூட இல்ல. நாலு மைல் தள்ளி இருக்கேன்.”

“அப்ப எப்படிப் பழக்கம்?”

“என் பொண்டாட்டி இருந்த கடைசி வருஷம், அவ சக்கர நாற்காலி வாசப்படி ஏறாதுல்ல? எங்க கேள்விப்பட்டானோ, ஒரு நாள் வண்டில இரும்புல ஒரு சரிவுப் பாதை பண்ணிட்டு வந்து மாட்டிட்டுப் போனான். எவ்வளவுப்பான்னு கேட்டா, கணக்கு மறந்துபோச்சுன்னான். அவ போய் ஆறு வருஷம் ஆச்சு. அது அப்படியேதான் இருக்கு. இப்ப நான்தான் அதுல ஏறி இறங்குறேன்.”

சோன்யாவுக்கு இது தெரியாது. அப்பா சொன்னதில்லை. ‘மற்றவை’ என்பதை அழுத்தி, கீழே இருந்த வெற்றிடத்தில் அவர் சொன்னதை எழுதத் தொடங்கினாள். எழுத்துகள் தவறித் தவறி விழுந்தன. அழித்து அழித்து எழுதினாள்.

“இருக்கியாம்மா?”

“இருக்கேன். எழுதிட்டிருக்கேன்.”

“மெதுவா எழுது. எத்தனை அடி நீளம்னு போடணுமா?”

“போடலாம்” என்றாள் சோன்யா.

“அப்ப இரு. அளந்துட்டு வரேன்.”

ரிசீவரை எதன்மேலோ வைக்கும் சத்தம் கேட்டது. தேய்ந்து தேய்ந்து போகும் காலடிகள். ஒரு கதவு திறந்தது. பிறகு காற்றின் இரைச்சல், அதற்கு நடுவே, எங்கோ தூரத்தில், அளவு நாடாவின் தகடு இரும்பின்மேல் உரசிக்கொண்டு மெல்ல நீண்டது.