அத்தான் மாட்டிய கூலர்

அத்தான் காரின் முன்பம்பரைக் கழற்றி ஏழு மணி நேரம் நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. அடுத்த தெரு மெக்கானிக் இது இரண்டு மணி நேர வேலை என்றிருந்தார். "அவனுக்கு என்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டு, நான்கு வீடியோ பார்த்த தைரியத்தில் அத்தான் இறங்கியிருந்தார்.

வேலை பெரிதல்ல. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் சூடான ஆயில் ஒரு குழாய் வழியாக ரேடியேட்டருக்குப் போய், ஆறி, இன்னொரு குழாய் வழியாகத் திரும்பும். திரும்பும் வழியில் இன்னொரு சிறிய கூலரை இணைத்து, அதை முன்னால், காற்றுப் படும் இடத்தில் பொருத்த வேண்டும். அவ்வளவுதான்.

அத்தான் தலையில் விளக்குக் கட்டியிருந்தார். வெயிலில் கண் கூசிக்கொண்டிருந்தது. நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். என் இயற்பியல் பட்டம் அதற்குப் போதுமானதாக இருந்தது.

"விஞ்ஞானி," என்றார். எனக்கு அவர் வைத்த பெயர். "சூடு எதுலேர்ந்து எதுக்குப் போகும், சொல்லு?"

"சூடானதுலேர்ந்து ஆறினதுக்கு."

"பரவாயில்லையே. படிச்சது முழுசா மறந்துடல."

இதைக் கேட்டவர்தான் காலையில் கூலரை ரேடியேட்டருக்குப் பின்னால், அனல் அடிக்கும் இடத்தில் கட்டினார். நான் வாய் திறக்காமல் விளக்கத் தாளில் இருந்த படத்தை விரலால் காட்டினேன். "அதைத்தான் நானும் யோசிச்சேன்," என்று அவிழ்த்தார். அதில் இரண்டு மணி நேரம் போயிற்று.

அக்கா கைப்பேசியோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். மலைக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. காலை ஆறு மணி ஷிப்ட். அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. வருகிறாளா இல்லையா என்று இன்று ஐந்து மணிக்குள் சொல்ல வேண்டும்.

மூன்று வாரத்துக்கு முன், ஒரு திங்கட்கிழமை, அவள் ஓட்டிப் போகும்போது மேட்டில் இன்ஜின் உறுமியது, கார் நகரவில்லை. அன்றிலிருந்து சாவி அத்தானின் சட்டைப் பையில் இருந்தது. கியர்பாக்ஸைக் கருக்கியவள் என்று அவளை அவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். அவளும் நம்பினாள்.

எனக்கு ஒன்று தெரியும். அத்தானுக்கும் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். "அக்காகிட்ட சொல்லாத, வீணா பயப்படுவா," என்றிருந்தார். நான் அவர்கள் வீட்டில் தங்கி வேலை தேடுகிறவள். தலையாட்டினேன். மூன்று வாரமாக நாங்கள் இருவரும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம். அவர் வெட்கமில்லாமல், நான் வெட்கத்தோடு. பூசணிக்காய்க்கு அதில் வித்தியாசம் ஒன்றும் இல்லை.

எந்தக் குழாய் திரும்பும் குழாய் என்று அத்தானுக்குத் தெரியவில்லை. ரேடியேட்டரிலிருந்து ஒரு குழாயைக் கழற்றி, அந்த இடத்தில் துண்டு ஹோஸைச் செருகி, அதன் மறுமுனையைப் பாட்டிலில் விட்டார். அதில் ஆயில் வந்தால் அதுதான் திரும்பும் வழி. அக்காவைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

"ஸ்டார்ட் மட்டும் பண்ணு. வேற எதையும் தொடாத."

அக்கா ஸ்டார்ட் செய்தாள். ஆயில் பீறிட்டது. அத்தான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றார். பாட்டில் நிரம்பி அவர் செருப்பில் வழிந்தது.

"நிறுத்து! நிறுத்துன்னா நிறுத்த மாட்டியா?"

"இப்பத்தானேங்க சொன்னீங்க."

அவர் பாட்டிலைத் தூக்கி வெயிலில் காட்டினார். சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் கறுப்பாக இருந்தது. கருகிய வாடை வந்தது.

"பாரு. எல்லாம் உன் கைவேலை."

"நான் மெதுவாத்தாங்க போனேன்."

"மெதுவா போனதுதான் தப்பு."

"அன்னிக்கு வேகமா போனேன்னு சொன்னீங்களே."

"அதுவும் தப்புதான். உனக்கு வண்டி வராது, விடு. இந்தக் கூலரை மாட்டுறதே நீ பண்ணின கூத்துக்குத்தான். அந்த ஆஸ்பத்திரிக்குப் பதில் அனுப்பிடு."

அக்கா காரை விட்டு இறங்கினாள். சாவியை அவளே அவர் கையில் கொடுத்தாள். கைப்பேசியில் மெல்லத் தட்டினாள்.

"குடும்பச் சூழ்நிலை காரணமா வர முடியலன்னு போடவா?"

"போடு. மரியாதையா இருக்கும்."

அக்கா ஏறிய ஐந்து நிமிட மேட்டில் ஆயில் இந்த நிறத்துக்கு வராது. நெடுநேரம் காய வேண்டும். பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, தலையில் விளக்கோடு, மனைவிக்கு மரியாதை சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவரைப் பார்த்தேன். இவருக்கா மூன்று வாரம் பயந்தேன் என்று இருந்தது.

"அனுப்பாதே," என்றேன்.

இருவரும் திரும்பினார்கள். என் குரல் அந்த வீட்டில் அதிகம் கேட்டதில்லை.

"விஞ்ஞானி, அந்த கிளிப்பை எடு," என்றார் அத்தான்.

"நீங்களே எடுத்துக்குங்க."

"என்ன வாய் நீளுது?"

நான் அவரைப் பார்க்கவில்லை.

"அக்கா, நீ ஓட்டினதுக்கு முந்தின நாள், இவர் தன் ஃப்ரெண்டோட வண்டியைக் கயிறு கட்டி இந்தக் கார்ல மலை மேல இழுத்துட்டுப் போனாரு. கியர்பாக்ஸ் சூடாயிடுச்சுன்னு விளக்கு நாப்பது நிமிஷம் எரிஞ்சுது. இவர் நிறுத்தவே இல்ல. நான் பின்சீட்டுல இருந்தேன்."