சாவி வாங்கும் காட்சி

எழிலன் ஐந்தரைக்கு எழுந்தான். பல் தேய்த்தான். ஜன்னல் கம்பியில் படிந்திருந்த கரியை ஈரத்துணியால் துடைத்தான். துணியை அலசிக் காயப்போட்டான். பாலைக் காய்ச்சிக் குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். அவன் வேலை பார்க்கும் கன்டெய்னர் யார்டில், பதினாறாம் நாள் முடிந்து வந்தால் போதும் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் நாற்காலியில் உட்கார்ந்தான். அவன் மனைவி மகிழினி செத்துப் பதிமூன்று நாள். டெங்கு. காய்ச்சலென்று படுத்தவள் ஐந்தாம் நாள் இல்லை. முப்பது வயது.

ஏழு மணிக்குக் குணசேகரன் வந்தார். கட்சியின் வட்டச் செயலாளர். மகிழினி கட்சிக்காக எடுத்த பதினோரு படங்களையும் திருவொற்றியூரில் தெருத்தெருவாகத் திரை கட்டிக் காட்டியவர் அவர்தான். கையில் ஞாயிற்றுக்கிழமை அவள் உருவப் படத்திறப்புக்கு அடித்த நோட்டீஸ் கட்டு.

"டோல்கேட்டாண்ட மண்டபம் சொல்லியாச்சு தம்பி. தலைமைலேர்ந்து ஆளு வராங்க. 'உப்புமேட்டின் புன்னகை'யதான் போடப் போறோம். அதுக்கு எடுத்ததெல்லாம் உன்னாண்டதான கீது?"

"ஹார்டு டிஸ்க்ல இருக்கு."

"குட்த்துடு. ஆபீஸ்ல பத்திரமா இருக்கும். வேற எவனா வந்து கேப்பான், குட்த்துடாத. அந்தப் பொண்ணு பேரு கெட்டுப்பூடும்."

எழிலன் நோட்டீஸைப் படித்தான். 'இறுதி மூச்சிலும் மக்கள், மக்கள் என்றே முழங்கியவர்' என்றிருந்தது.

"இத யாரு சொன்னது?"

"நம்ம பசங்க எழுதனது. சும்மா ஒரு இதுக்கு."

சாயந்திரம் வரச்சொல்லி அனுப்பினான்.

அந்தப் படம் பன்னிரண்டு நிமிடம் ஓடும். கால்வாயோரம் இருந்த உப்புமேட்டுக் குடிசைகளை இடித்து, சனங்களை நாற்பது கிலோமீட்டர் தள்ளி அடுக்குமாடிகளில் கொண்டுபோய்ப் போட்ட சமயத்தில் எடுத்தது. கடைசிக் காட்சியில் மீன் விற்கும் பச்சையம்மா புது வீட்டுச் சாவியைக் கையில் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுவாள். அந்த ஆனந்தக் கண்ணீரைப் பார்த்துத்தான் மிச்சமிருந்த இரண்டு தெருக்காரர்களும் காலி செய்யக் கையெழுத்துப் போட்டார்கள். பிறகு சனங்கள் போட்ட கேஸில், சம்மதித்துத்தான் போனார்கள் என்று காட்ட, கோர்ட்டிலும் அதே காட்சிதான் சாட்சியாகக் கிடக்கிறது. மகிழினி செத்த அன்று பாதிப் பேர் மாலையோடு வந்தார்கள். மீதிப் பேர் எதிர்ச்சாரியில் நின்று காறித் துப்பினார்கள். இரண்டு கூட்டத்துக்கும் எழிலன் கும்பிடு போட்டான்.

பத்து மணிக்குப் பச்சையம்மாவே வந்தாள். இரண்டு பஸ், ஒரு ரயில் மாறி வந்திருந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"செவ்வாக்கெழம வாய்தா நைனா. நா சாவியே வாங்கலன்னு சொல்றேன், எவனும் நம்ப மாட்டன்றான். வக்கீலு இன்னா சொல்றாருன்னா, வெட்டாம ஒட்டாம முழுசா எடுத்தது கெடச்சா கேஸு நிக்கும்ன்றாரு."

எழிலன் டிஸ்க்கை லேப்டாப்பில் செருகினான். வெட்டாத படத்தை அவன் இதுவரை பார்த்ததில்லை. தேட நேரமாகவில்லை. எல்லாவற்றுக்கும் பெயரும் தேதியும் போட்டு வைத்திருந்தாள்.

திரையில் பச்சையம்மா வெயிலில் நின்றாள். கேமராவுக்குப் பின்னாலிருந்து மகிழினியின் குரல் கேட்டது.

"பச்சம்மா, உன் பையன் கடலுக்குப் போயி திரும்பாத அன்னிக்கி இன்னா நடந்துச்சு? சொல்லேன்."

பச்சையம்மா சொல்ல ஆரம்பித்தாள். படகு மட்டும் வந்தது என்ற இடத்தில் உடைந்தாள். கேமரா நடுங்காமல் முகத்தருகே போனது.

"மூஞ்சத் தொடைக்காத. அப்டியே இரு."

பிறகு ஒரு கை உள்ளே நீண்டு அவள் உள்ளங்கையில் சாவியை வைத்தது. அவள் அழுகையோடே அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"பாத்தியா?" என்றாள் பக்கத்தில் நின்ற பச்சையம்மா. "பொழுது விடிஞ்சி மொத மொத கைல எது வெச்சாலும் போணின்னு கண்ல ஒத்திக்குவேன் நானு. மீன்காரிங்க எல்லாருமே அப்டித்தான். அது எல்லாம் தெரிஞ்சிதான் வெச்சிக்கீது அந்தப் பொண்ணு." திரையருகே குனிந்தாள். "ஆமா, இது யாரு வூட்டு சாவி?"

நீலக் கயிறு கட்டிய சாவி.

"எங்க வீட்டோடது" என்றான் எழிலன்.

"அடிப்பாவி!" பச்சையம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்க வூட்டு சாவிக்கா நா ஒப்பாரி வெச்சேன்!" சிரித்துக்கொண்டே அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை.

கொடுத்தால் ஞாயிற்றுக்கிழமை படத்திறப்பு இருக்காது. செத்த பிள்ளையைக் கேட்டுத் தாயை அழவைத்தவள் என்ற பெயர்தான் மகிழினிக்கு நிற்கும். கொடுக்காவிட்டால் அந்தச் சனங்கள் அடுக்குமாடிகளிலேயேதான். எழிலனுக்கு இரண்டும் தெரிந்தது. இரண்டும் எங்கோ தூரத்தில் யாருக்கோ நடப்பதுபோல் இருந்தது. ஒயரைப் பிடுங்கி, டிஸ்க்கை ஒரு துணிப்பையில் போட்டு அவளிடம் நீட்டினான்.

வாசல்படியில் நின்று அவள் திரும்பினாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் நைனா. சாவறப்போ எங்களப் பத்தி எதனா சொல்லிச்சா அது?"

"சொன்னா. உங்ககிட்ட மன்னிப்பு கேக்கணும்னு சொன்னா."

பச்சையம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "போவட்டும் வுடு. சின்னப் பொண்ணு" என்றாள். பையை மார்போடு அணைத்தபடி படியிறங்கிப் போனாள்.

எழிலன் கதவைச் சாத்தினான். குணசேகரன் வர இன்னும் நேரமிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தான்.

ஆஸ்பத்திரியில், தொண்டையில் குழாய் போட அழைத்துப்போகும் முன், மகிழினி கடைசியாக மாஸ்க்கை விலக்கி அவனைக் கிட்டே வரச்சொல்லிக் கையைக் காட்டினாள். அவன் குனிந்தான்.

"எழிலா, பச்சம்மா அழுவுற ஷாட்ல, கன்னத்துல வெளிச்சம் எப்டி வுழுந்துச்சு பாத்தியா?"