கொட்டகையில் ஒரு பூவாளி

காலை பதினொன்று பத்துக்குக் கம்பெனிச் சோதனைக்காரர் மேற்குச் சுவரோரம் இருந்த அடுக்கைக் கைகாட்டினார்.

"இதுல அடியில இருக்கிற மூட்டை வேணும்."

அவள் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைப் பற்றிக்கொண்டாள். இருநூறு மூட்டைக் கடலை இருக்கிற கிடங்கில் மனிதர் நேராக அந்த அடுக்கில் போய் நிற்கிறார். மூன்று வாரத்துக்கு முந்தைய வியாழக்கிழமை உடைத்த பருப்பு அது. அன்று அவள் இங்கே இல்லை.

"மேல இருக்கிறதையே எடுத்துக்கலாமே சார்."

"மேல இருக்கிறதை எல்லாருமே நல்லாத்தாம்மா வச்சிருப்பாங்க."

மூட்டைகளை இறக்கச் சொன்னாள். வேறென்ன சொல்வது.

கிடங்குக்கு அவள்தான் பொறுப்பு. எல்லோருக்கும் அவள் ஏழரை. பருப்பில் ஈரம் நூற்றுக்கு ஏழைத் தாண்டக் கூடாது என்பது அவள் சட்டம். ஏழரை காட்டிய மூட்டையைச் சொந்தச் சித்தப்பாவின் வண்டியிலேயே திருப்பி ஏற்றினாள். "மத்தவங்களுக்கு ஏழரை ஏழரை வருஷத்துல விட்டுடும். நமக்குச் சாவிக்கொத்தோட வந்து உக்காந்திருக்கு," என்றார் சித்தப்பா. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பெயர் ஒட்டிக்கொண்டது.

போன வருடம் யாரும் சிரிக்கவில்லை. முப்பத்திரண்டு வீட்டு விளைச்சல் துறைமுகம் வரை போய்த் திரும்பி வந்தது. பூஞ்சை நச்சு. பார்வைக்குப் பருப்பு பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால் அந்த நச்சு கழுவினால் போகாது, வறுத்தால் போகாது. தின்றவன் ஈரலைக் கெடுக்கும். குழி வெட்டிப் புதைத்தார்கள். அதன்பிறகு கூட்டம் போட்டார்கள். எல்லோரும் கிடங்கின் கூரையைப் பார்த்தார்கள், தரையைப் பார்த்தார்கள், கடைசியில் அவளைப் பார்த்தார்கள்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா சாவியை வச்சிட்டுப் போயிடறேன்," என்றாள்.

வாங்குகிற கம்பெனி அவ்வளவு சுற்றி வளைக்கவில்லை. இன்னொரு முறை தவறினால் இந்தக் கிடங்கின் சரக்கே வேண்டாம் என்று எழுதிவிட்டது.

இந்த வருடம் கடலையை மண்ணில் போட விடவில்லை. தார்ப்பாய் விரித்துக் காய வைத்தார்கள். மூட்டைக்கு அடியில் பலகை. சுவருக்கும் மூட்டைக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. சுருங்கியது, சொத்தை, நிறம் மாறியது எல்லாவற்றையும் பொறுக்கி எறிய எட்டுப் பெண்கள். அத்தனையும் செய்த பிறகு ஈரமானியை வைத்துப் பார்த்தால் பத்து. காய் வரும்போது உரித்துப் பார்த்தாள், ஆறே முக்கால். உடைத்துப் பருப்பாக வந்தபோது பத்து. ஈரம் வழியில் எங்கேயோ ஏறிக்கொள்கிறது.

ஒரு மூட்டையின் வாயில் சிவப்பு நூல் கட்டி, அது போகிற இடமெல்லாம் அவளும் போனாள். மூட்டை அவளுடைய அண்ணனின் கொட்டகைக்குப் போனது.

கடலை உடைக்கிற இயந்திரம் அண்ணனுடையது. அவன் உடைத்தால் பருப்பு பிளக்காது, முழுசாக விழும். அந்தப் பேருக்காகவே தள்ளி இருக்கிறவர்களும் வண்டி கட்டி வருவார்கள். இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆணி. ஆணியில் ஒரு பச்சைப் பூவாளி.

"ஒரு செடிகூட இல்லாத கொட்டகையில உனக்கு எதுக்குண்ணே பூவாளி?"

"தெளிக்கத்தான். அரை மணி முன்னாடி காயில தெளிச்சு வச்சா ஓடு பதமாயிடும். இல்லன்னா பருப்பு ரெண்டாப் பொளக்கும். தொழில் தெரிஞ்சவன் எல்லாம் செய்யறதுதான்."

"உடைச்சப்புறம் காய வைப்பியா?"

"சாக்குலயே காஞ்சிடும்."

"சாக்குல காயாதுண்ணே. சாக்குல பூக்கும்."

அதோடு விட்டிருக்கலாம். அவள் பூவாளியை எடுத்துப் போய், பொறுக்குகிற பெண்கள் பார்க்க, முற்றத்தில் கவிழ்த்தாள். அண்ணன் முகம் சுண்டிப்போனது. எட்டுப் பெண்களுக்கும் திடீரென்று மடியில் தேட ஏதோ இருந்தது. நனைந்த பருப்பையெல்லாம் அவளே திரும்ப வெயிலில் கொட்டினாள். அன்றிலிருந்து அண்ணனும் தங்கையும் மூட்டைக் கணக்கைத் தவிர வேறு பேசவில்லை.

தண்ணீர் இல்லாமல் உடைத்ததில் பத்துக்கு மூன்று பிளந்தது. "இப்ப மனசு குளிர்ந்துச்சா?" என்று அண்ணன் இயந்திரச் சத்தத்துக்கு மேல் கத்தினான். மூன்று நாள் கத்தினான். நாலாம் நாள் சத்தத்தைக் காணோம். எட்டிப் பார்த்தாள். காயைச் சலித்து, பெரிசைத் தனியாகவும் சிறிசைத் தனியாகவும் பிரித்திருந்தான். ஒவ்வொன்றுக்கும் வேறு சல்லடை மாட்டி, வேகத்தைப் பாதியாகக் குறைத்திருந்தான். பத்துக்கு ஒன்றுகூடப் பிளக்கவில்லை. நல்லா இருக்குண்ணே என்று சொல்லப் போனாள். மூட்டையை எண்ணிவிட்டுத் திரும்பினாள்.

பிறகு அந்த வியாழக்கிழமை. மகளுக்குப் பல் பிடுங்க அழைத்துப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பினாள். கொட்டகை வாசலில் ஒரு தட்டு அகலத்துக்கு ஈரம். அதுவரை ஆணியில் காலியாகத் தொங்கிய பூவாளி இல்லை.

"தெளிச்சியாண்ணே?"

அவளை ஏற இறங்கப் பார்த்தான். "மெஷின்தான் வச்சிருக்கியே. குத்திப் பாரு."

மூட்டைகளைத் தைத்து அடுக்கியாகிவிட்டது. மேலே மூன்றைப் பார்த்தாள். மூன்றும் சரியாக இருந்தன. அடியில் இருப்பதைப் பார்க்க அடுக்கையே கலைக்க வேண்டும். எட்டுப் பெண்கள் பார்க்க இரண்டாம் முறையும் அண்ணனை அவமானப்படுத்த அவளுக்குக் கை வரவில்லை. சித்தப்பாவின் மூட்டையைத் திருப்பியவள், அண்ணனின் அடுக்கை அப்படியே விட்டாள். மறுநாள் அதன்மேல் இன்னும் முப்பது மூட்டை ஏறியது.

இப்போது அந்த முப்பதும் கீழே இறங்கின.

சோதனைக்காரர் அடிமூட்டையில் இரும்புக் குழலைக் குத்தி ஒரு பிடி பருப்பு எடுத்தார். அதே அடுக்கில் இன்னும் ஒன்பது மூட்டையில் குத்தினார். "ஆயிரம் பருப்புல ஒண்ணு கெட்டிருந்தாலும் போதும்மா," என்றபடி எல்லாவற்றையும் கலந்து மிக்ஸியில் அரைத்தார். ஏதோ திரவம் ஊற்றிக் குலுக்கினார். வடிகட்டிய நீரில் ஒரு சிறிய தாள் பட்டையை நிறுத்தினார்.

"பத்து நிமிஷம். ரெண்டு கோடு விழுந்தா சரக்கு போகலாம். ஒண்ணோட நின்னா நான் கிளம்பறேன்."

"ரெண்டு கோடுன்னா எங்க வீட்டுல வேற சேதி சார்," என்றாள் மூக்கி. பொறுக்குகிறவர்களில் அவள் மூத்தவள். பூசணத்தை மோந்தே கண்டுபிடிப்பவள்.

"வாயை மூடு மூக்கி," என்று அவள் அதட்டினாள்.

"மூடிட்டேன். மூக்கு மட்டும் திறந்திருக்கு. ஒரு வாடையும் இல்ல, நீ பயப்படாத."

அண்ணன் வாசல் நிலையில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள்.

நாலாம் நிமிடம் முதல் கோடு விழுந்தது. "இது எப்பவும் விழும்," என்றார் சோதனைக்காரர். ஐந்து. ஆறு. தாளில் வேறொன்றும் இல்லை. ஏழாம் நிமிடம் சித்தப்பா தொண்டையைச் செருமினார். எல்லோரும் அவரை முறைத்தார்கள். எட்டில் ஒரு நிழல் மாதிரி தெரிந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். நிழல் இளஞ்சிவப்பானது. சிவப்பானது. பத்தாம் நிமிடம் முதல் கோட்டுக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை.

சோதனைக்காரர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இந்த மாசம் ஆறு கிடங்கு பார்த்துட்டேன். இவ்வளவு அழுத்தமா, இவ்வளவு சுத்தமா ஒரு இடத்துலயும் விழல. யாரும்மா இங்க பொறுப்பு?"

"ஏழரை!" என்று எட்டுப் பெண்களும் ஒரே குரலில் கத்தினார்கள். அவர் விழித்தார். மூக்கி ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்துத் தாளம் போட்டாள். மூட்டை இறக்கியவர்கள் விசிலடித்தார்கள். சித்தப்பா மேசையிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து அவள் கையில் திணித்தார். "எங்களை விட்டுடாத தாயே. இன்னும் ஒரு ஏழரை வருஷம் இரு," என்றார்.

அவள் வாசலைப் பார்த்தாள். அண்ணன் இல்லை.

கொட்டகையில் இயந்திரம் நின்றிருந்தது. அவன் பின்பக்க ஜன்னலோரம் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். கிட்டே போனாள். ஜன்னல் திட்டில் பச்சைப் பூவாளி. வாய்வரை மண். மண்ணில் அரைச் சாண் உயரத்துக்கு மூன்று கடலைச் செடி, நாலு நாலு இலையாக விரிந்திருந்தன. பூவாளியின் மூக்கு வழியே நீர் கசிந்து, திட்டில் ஒரு தட்டு அகலத்துக்கு ஈரம்.

அவள் அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வியாழக்கிழமை வச்சதா?"

"முதல்ல வாசல்ல வச்சேன். வெயில் பத்தல."

"சொல்லியிருக்கலாமேண்ணே."

"நீ செடி வச்சியான்னா கேட்ட? தெளிச்சியான்னு கேட்ட."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணும் நிறைந்தது. கிடங்கிலிருந்து தகர டப்பா முழங்கிக்கொண்டிருந்தது.

"ரெண்டு கோடுண்ணே."

"தெரியும். விழும்னு தெரிஞ்சுதான் நின்னேன்."

கீழேயிருந்து ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்தான். செடிக்கு மேலே பிடித்தவன், ஊற்றாமல் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"இதுக்காவது ஊத்தலாமா, ஏழரை?"