ஐந்தாம் மாடிக் கதவு

அப்பாவின் கால்களைக் கட்டிலுக்குள் அடக்குவதற்கு மகள் மூன்றாம் முறையாக முயன்றுகொண்டிருந்தாள். முழங்கால்களை மடித்தால் அவர் ஏதோ கணக்குப் போடுபவர்போல் தோன்றினார். நீட்டினால் பாதங்கள் இரண்டும் விளிம்பைத் தாண்டி, உள்ளே வருவோரின் முகத்துக்கு நேரே நின்றன.

"விடுடி. நாலு வருசமா அடங்காத காலு, இன்னிக்கா அடங்கப் போகுது? அந்த ஸ்டூல எடுத்துப் போடு" என்றாள் அம்மா.

மகள் ஸ்டூலை இழுத்துப் போட்டு, அதன்மேல் வழக்கமான மடித்த துண்டையும் வைத்தாள். அப்பாவின் பாதங்கள் தமக்குரிய இடத்தை அடைந்தன.

கட்டில் ஐந்தடிதான். ஒன்பது மாடிக் குடியிருப்பின் ஏழாம் மாடியில் இருந்த அந்த வீடு, வாங்க வருவோருக்குக் காட்டுவதற்கென்றே கட்டப்பட்ட மாதிரி வீடு. அறைகள் பெரியனவாகத் தோன்றவேண்டும் என்பதற்காகக் கட்டில், மேசை, நாற்காலி அனைத்தும் சற்றே சிறியனவாகச் செய்யப்பட்டிருந்தன. உள்ளறைகளுக்குக் கதவே இல்லை. இந்த உத்தியை நிறுவனத்துக்குக் கற்றுக்கொடுத்தவர், அதன் தலைமை விற்பனையாளராக இருந்த அப்பாவேதான். வீடுகளின் விலை தலைகுப்புற விழுந்த ஆண்டில் முதலாளி வெளிநாட்டுக்குப் பறந்தார்; கடன் கொடுத்த வங்கி இழுத்து மூடப்பட்டது; அரசாங்கம் கவிழ்ந்து, அடுத்து வந்ததும் கவிழ்ந்தது. அப்பா, சம்பள பாக்கிக்கு ஈடாக மாதிரி வீட்டின் சாவியைப் பெற்றுக்கொண்டு குடும்பத்தோடு அதிலேயே குடியேறினார். வாடகையும் தவணையும் சேர்த்துக் கட்ட இயலாத பதினொரு குடும்பங்கள், தாம் வாங்கிய அரைகுறை வீடுகளில் தார்ப்பாய் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தன. சுவர் எப்போது வரும், லிப்ட் எப்போது வரும் என்று எவர் கேட்டாலும், "அடுத்த மாசம்" என்பார் அப்பா. முதலாண்டு முடிவதற்குள் அதுவே அவருடைய பெயராயிற்று. அதன்பின் அவரோடு எவரும் பேசவில்லை.

லிப்ட் வரவேண்டிய இடத்தில் ஒன்பது மாடி ஆழத்துக்கு இருட்டு மட்டுமே இருந்தது. ஆகவே அப்பாவைப் படிவழியாகத்தான் இறக்கவேண்டும்.

கீழே நின்ற அமரர் ஊர்தியின் ஓட்டுநர் தொலைபேசியில் அழைத்தார். "பன்னண்டு மணி வரைக்கும்தாம்மா நிப்பேன். அடுத்ததா ஒருத்தர் காத்துக்கிட்டிருக்காரு."

"அவருக்கு என்னங்க அவசரம்?"

"அவருக்கு அவசரமே இல்ல. அவரு பசங்களுக்குத்தான். நம்ம ஸ்ட்ரெச்சர் சக்கரம் வெச்சது, படியில வராது. பலகை ஏதாச்சும் பாத்துக்கங்க. தூக்க ஆறு பேராவது வேணும். ஏழாவது மாடியாமே!"

உறவினர்களுள் அப்பாவின் சொல்லை நம்பி முன்பணம் கட்டியவர்கள் வரவில்லை. கட்டாதிருந்த சித்தப்பா ஒருவர்தான் வந்திருந்தார். அவருக்கும் முதுகெலும்பில் தட்டு விலகியிருந்தது.

பதினொரு மணி அளவில் மேல்மூச்சு வாங்கிக்கொண்டு வழுக்கைத்தலையர் ஒருவர் உள்ளே வந்தார். தேர்தலுக்குப் பத்து நாள்களே இருந்தன. அவர் வேட்பாளரின் உதவியாளர்.

"அம்மா, தலைவர் மூணாவது மாடி வரைக்கும் வந்துட்டாரு."

"மேல வரலியா?" என்றாள் மகள்.

"மூச்சு வாங்குது. அங்க உக்காந்தபடியே அஞ்சலி செலுத்திட்டாரு. தூக்குறதுக்குப் பத்து ஆளு நாங்க தர்றோம். முன்னாடி ஒரு பேனர் மட்டும் வரும், அவ்வளவுதான்." அவர் சுருளைப் பிரித்துக் காட்டினார். 'வீட்டு விலைச் சரிவுக்குப் பலியான உத்தமர்' என்றிருந்தது.

அழுகை ஏதுமின்றி ஓரமாக நின்றுகொண்டிருந்த இரண்டாம் மாடி நர்ஸ் அதைப் படித்தாள். "பலியா? யாரு, இவரா? எங்க தலையில வீட்டக் கட்டினதே இவருதானேய்யா!"

உதவியாளர் சிறிதும் தயங்கவில்லை. "அப்ப 'உத்தமர்'ங்கிறத மடிச்சு விட்டுரலாம்."

"இந்தாங்க, அவரு எப்படிப் போனாருன்னு தெரியுமா?" என்றாள் அம்மா. "காலைல ஒரு டீ குடிச்சாரு. இன்னொன்னு கேட்டாரு. கொண்டாறதுக்குள்ள போயிட்டாரு. இதுல எங்கேருந்து வந்துச்சு சரிவு?"

"அதெல்லாம் பேனர்ல கொள்ளாதும்மா."

மகள் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து ஆள்கள் மூன்றாம் மாடியில் ஆயத்தமாக இருந்தார்கள், தலையசைத்தால் போதும். ஆனால் இந்தப் பேனருக்குப் பின்னால் அப்பா இறங்கினால், இந்தக் கட்டடத்தில் உள்ளவர்கள் தத்தம் தார்ப்பாயை இழுத்து மூடிக்கொள்வார்கள் என்பதும், அதற்குப்பின் அம்மாவும் தானும் இதே படிகளில் ஏறி இறங்கியாகவேண்டும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தன.

"கால் மணி நேரம் இருங்க" என்று சொல்லிவிட்டு ஐந்தாம் மாடிக்கு ஓடினாள்.

அங்கே, வீடு வாங்கி ஏமாந்தோர் சங்கத்தின் அவசரக் கூட்டம் தையல்காரரின் வீட்டில் நடந்துகொண்டிருந்தது. அவரே சங்கத் தலைவர். அவர் வீட்டுக்குச் சுவர்கள் இல்லை. தூண்களும் கூரையும் வாசற்காலும் இருந்தன. வாசற்காலில் ஏழடி உயரத் தேக்குக் கதவு ஒன்று பித்தளைக் கைப்பிடியோடு மாட்டப்பட்டிருந்தது. விலைகள் உச்சத்தில் இருந்தபோது முந்திக்கொண்டு வாங்கிய கதவு அது. நாள்தோறும் கடைக்குச் செல்லும்போது தையல்காரர் அதைப் பூட்டி, இருமுறை இழுத்துப் பார்த்துவிட்டே செல்வார்.

மகள் பதற்றத்தில் கதவின் பக்கவாட்டாக உள்ளே நுழைந்துவிட்டாள். பேச்சு நின்றது.

"கதவு எதுக்கு இருக்கு?" என்றார் தையல்காரர், அவளைப் பாராமலே.

அவள் வெளியே போய்க் கதவைத் தட்டினாள்.

"யாரு?"

"ஏழாவது மாடி, மாமா."

"வா."

தோள் கொடுப்பதா, வேண்டாமா என்பதே தீர்மானம். ஐவர் ஆதரித்தனர், ஐவர் எதிர்த்தனர். தலைவரின் கை மட்டும் மடியிலேயே இருந்தது. கட்டடத்தில் அப்பாமீது மிகுந்த கோபம் கொண்டவர் அவர்தான் என்பது அனைவருக்கும் தெரியும். முப்பத்தைந்து ஆண்டுகளாக அரை விரற்கடை வேறுபாட்டைக்கூடப் பொறாதவர், மாதிரி வீட்டின் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து, "அடேயப்பா, எவ்வளவு தாராளம்!" என்று வியந்து அன்றைக்கே கையெழுத்திட்டார். தம்முடைய சொந்தக் கட்டில் வந்து இறங்கிய நாளில்தான் அறை எவ்வளவு என்பது அவருக்குத் தெரிந்தது. கழுத்தில் அளவுநாடா தொங்கிக்கொண்டிருக்கும்போதே ஏமாந்ததை அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

"தூக்குறதுன்னே வைங்க. எதுல வெச்சுத் தூக்குறது?" என்று ரொட்டிக்கடைக்காரர் கேட்டார். "அவங்க வீட்டு மேசையிலயா? அது அவரு முதுகுக்கே பத்தாது."

"அளவு தெரியாம நான் எதுக்கும் ஒத்துக்க மாட்டேன்" என்று எழுந்தார் தையல்காரர். "ஒருவாட்டி ஒத்துக்கிட்டேன். போதும்."

நான்காண்டுகளுக்குப் பிறகு அவர் ஏழாம் மாடிக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார். அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் நாடாவை உச்சியில் வைத்து, தோள், இடுப்பு, முழங்கால் என்று இழுத்துக்கொண்டே வந்தவர், கட்டில் முடிந்த இடத்தில் நின்றார். ஸ்டூலைப் பார்த்தார். அதன்மேல் இருந்த துண்டு, குதிகால்கள் படிந்த இரண்டு குழிகளோடு தேய்ந்திருந்தது.

"ஆறடி ரெண்டு அங்குலம்" என்றார். பிறகு கட்டிலை அளந்தார். "இதுலயா தூங்கினாரு?"

"ஆமா மாமா."

"நாலு வருசமுமா?"

"பெரிய கட்டில் வாங்கலாம்னு சொன்னோம். இந்த ரூமுல கொள்ளாதுன்னுட்டாரு."

தையல்காரர் நாடாவைச் சுருட்ட மறந்து கட்டிலிலேயே விட்டுவிட்டு நிமிர்ந்தார். பிறகு உதவியாளரை நோக்கி, "உங்க ஆளுங்கள்ல யாருகிட்டயாவது ஸ்க்ரூ டிரைவர் இருக்கா?" என்று கேட்டார்.

"எதுக்குங்க?"

"கதவு ஏழடி. தாராளமாப் படுக்கலாம்."

கதவைக் கழற்றப் பத்து நிமிடம் ஆயிற்று. எதிர்த்து வாக்களித்தவர்களே கீல்களைப் பிடித்துக்கொண்டார்கள். அப்பாவை அதன்மேல் கிடத்தியபோது இரு புறமும் இடம் மிச்சம் இருந்தது. பித்தளைக் கைப்பிடி அவருடைய இடுப்பருகே வந்தமையால் கழற்றலாமா என்று நர்ஸ் கேட்டாள். "வேணாம், புடிச்சுக்க உதவும்" என்றார் தையல்காரர்.

முன்புறம் மூவர், பின்புறம் மூவர். ஆறாம் மாடித் திருப்பத்தில் முதல் முறை இறக்கி வைத்தார்கள். வாங்க வந்தவர்களை அழைத்துக்கொண்டு ஏறும்போது அப்பாவும் இதே இடத்தில்தான் நிற்பார். மூச்சு வாங்குவதைக் காட்டிக்கொள்ளாமல் வெளியே கையை நீட்டுவார்.

"காத்தப் பாருங்க சார்" என்று நர்ஸ் அவர் குரலிலேயே தொடங்கினாள்.

"காசு குடுத்தாலும் கிடைக்காது" என்று ரொட்டிக்கடைக்காரர் முடித்தார். அம்மாதான் முதலில் சிரித்தாள். அதன்பின் மற்றவர்களும் சிரிக்கலாயினர்.

மூன்றாம் மாடியில் வேட்பாளர் படியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திடீரென எழுந்தவருக்கு ஒதுங்க இடமில்லை. பின்னால் லிப்ட் குழி.

"ஒண்ணு குழியில எறங்குங்க, இல்லன்னா ஒரு கை புடிங்க" என்றார் தையல்காரர்.

வேட்பாளர் பிடித்தார். பேனர் சுருளோடு உதவியாளர் முன்னால் ஓடப் பார்த்தார். கதவின் அகலத்தில் அவருக்கு வழி கிடைக்கவில்லை. புகைப்படக்காரருக்கு வேட்பாளரின் முழங்கை மட்டுமே அகப்பட்டது. பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் அவர்கள் வெளிச்சத்துக்கு வந்தார்கள். ஓட்டுநர் கதவைத் தட்டிப் பார்த்து, "நல்ல தேக்கு" என்றார்.

மாலையில் எல்லாம் முடிந்து திரும்பியபோது, ஓட்டுநர் கொண்டுவந்து சேர்த்த கதவு தரைத்தளத்தில் லிப்ட் குழியருகே சாத்தி வைக்கப்பட்டிருந்தது. அதை மறுபடியும் ஐந்து மாடி ஏற்ற அன்றைக்கு எவருக்கும் தோளில் வலு இருக்கவில்லை.

கட்டிலில் கிடந்த அளவுநாடாவை எடுத்துக்கொண்டு மகள் ஐந்தாம் மாடிக்கு இறங்கினாள். வெறும் வாசற்கால் நின்றது. அதற்கு இடப்புறமும் வலப்புறமும் திறந்தவெளி. நடுவே, தையல் இயந்திரத்தின்முன் அவர் உட்கார்ந்து அவள் வருவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் வாசற்காலின் முன் நின்று, மரத்தில் இரண்டு முறை தட்டினாள்.

"யாரு?" என்றார் தையல்காரர்.

"ஏழாவது மாடி."

"வா."

நாடாவை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"கதவ எப்ப மாமா மாட்டுவீங்க?"

அவர் ஊசியில் நூலைக் கோத்தார். முதல் தடவை நுழையவில்லை. நுனியை ஈரப்படுத்தி மீண்டும் கோத்தார்.

"அடுத்த மாசம்" என்றார்.

இயந்திரம் ஓடத் தொடங்கியது. மகள் வாசற்கால் வழியாகவே வெளியே வந்து, இல்லாத கதவைக் கைப்பழக்கத்தில் சாத்திவிட்டு, மாடிப்படி ஏறினாள்.