மாமியாரின் மதிப்பெண்

ஏப்ரல் ஒன்பதாம் தேதி, பிற்பகல் மூன்று மணி, துறைமுகச் சாலை அளவீட்டு நிலையம். காற்றில் தூசி அளவு: பதிவு இல்லை.

சில வாரங்களுக்கு முந்தைய அட்டவணையில் இருந்த அந்த வெற்றுக் கட்டத்தை அவள் பலமுறை கடந்து போயிருந்தாள். வானிலை அலுவலகத்தில், புழுதிப்புயலை முன்னறிவிக்கும் இரண்டு கணினி மாதிரிகளுக்கு மதிப்பெண் போடுவது அவள் வேலை. ஒன்று எதற்கெடுத்தாலும் எச்சரிக்கும். அலுவலகத்தில் அதற்கு மாமியார் என்று பெயர். மற்றது லேசில் வாய் திறக்காது, அது மாப்பிள்ளை. கோடை முழுவதற்குமான மதிப்பீட்டில் மாப்பிள்ளை எங்கேயோ முன்னால் போயிருந்தது. மாமியாரை நிறுத்திவிட அன்று மாலை கூட்டம்.

நாளை பிற்பகல் புயல் என்றது மாமியார். தெளிந்த வானம் என்றது மாப்பிள்ளை.

தம்பி போனில் கூப்பிட்டான். டவர் கிரேன் ஓட்டுகிறவன்.

"அக்கா, நாளைக்கு இரும்பு பீம் ஏத்துறோம். உங்க ஆபீஸ் எச்சரிக்கை வந்தாதான் எங்களைக் கீழ எறக்குவாங்க. வருமா, வராதா?"

"சாயங்காலம் தெரியும்டா."

"கேட்டது புயலை. என்னமோ சம்பந்தம் பேசப் போறவ மாதிரி இழுக்குற."

"நீ ஏறாம இரேன்."

"எங்க அக்காவுக்கு மனசு சரியில்லன்னு சூப்பர்வைசர்கிட்ட சொல்லவா?"

அவளால் உட்கார முடியவில்லை. ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். தேநீர் ஆறிப்போயிருந்தது. மாமியார் தப்பாகச் சொன்ன நாட்களை மறுபடி பார்த்தாள். முதலில் நின்றது ஏப்ரல் ஒன்பது. அன்று மதியம் விளக்கைப் போட்டுக்கொண்டு காரைத் தெருவோரமாக நிறுத்தியது நினைவு வந்தது. முன்னால் நின்ற வண்டிகூடத் தெரியவில்லை. மணலோடு வைப்பரைப் போட்டதில் விழுந்த கீறல் இன்னும் கண்ணாடியில் இருக்கிறது.

கருவி அனுப்பிய மூலக் கோப்பைத் திறந்தாள். மூன்று மணிக்குத் தூசி அளவு ஆயிரத்து முந்நூற்று எண்பது.

ஆயிரத்தைத் தாண்டினால் கருவிக் கோளாறு என்று அழித்துவிடுவது அலுவலக விதி. ஊரில் வெறும் புகை மட்டும் இருந்த காலத்தில் போட்டது. புயல் அடித்த நேரம் அழிந்து, அதற்கு முன்னும் பின்னும் இருந்த நேரங்களே மிஞ்சின. மாமியார் வீணாகக் கத்தியதாகக் கணக்கானது.

இப்படி அழிந்த மற்ற நாட்களையும் எண்ணிக்கொண்டு பிரிவுத் தலைவரிடம் ஓடினாள். மூன்று தசம இடத்துக்குக் குறைந்து எந்த எண்ணையும் சொல்லாதவர் என்பதால் அவருக்குத் தசமம் என்று பெயர்.

"நல்ல நேரம் பாத்தம்மா. கூட்டத்துக்குக் கெளம்பும்போது குறுக்க வர்ற."

"சார், புயல் அடிச்ச நேரத்தையெல்லாம் நாமளே அழிச்சிருக்கோம். மிச்ச நேரத்துல மாப்பிள்ளை ஜெயிக்காம என்ன பண்ணுவாரு?"

"ஒரு நாளை வச்சு மாடலை மாத்த முடியாது."

"இப்படி அழிஞ்சது ஏழு நாள் இருக்கு. அஞ்சை மாமியார் சரியா சொல்லியிருக்கு. மாப்பிள்ளை ஒண்ணுகூட இல்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உன் தம்பி கிரேன் ஓட்டுறானாமே. அதான் இவ்வளவு பதற்றமா?"

"ஆமா சார். பதற்றம் அவனுக்காகத்தான். ஆனா இந்த நம்பர் எதுவும் அவனுக்குச் சொந்தக்காரன் இல்லையே."

அவர் கோப்பை வாங்கி நின்றபடியே பார்த்தார். கூட்டம் தாமதமாகத் தொடங்கியது. மாமியாரை நிறுத்தும் முடிவு தள்ளிவைக்கப்பட்டது. மாமியார் சொன்னபடி எச்சரிக்கை போனது.

மறுநாள், சொன்னதைவிட ஒரு மணி நேரம் பிந்திப் புயல் வந்தது. கிரேனில் யாரும் இல்லை. துறைமுகச் சாலைக் கருவி ஆயிரத்து நானூற்றைத் தாண்டியது. விதியை மாற்றுவதற்கு ஒப்புதல் இன்னும் வரவில்லை. அன்று மாலை அட்டவணையில் அந்த நேரத்துக்கு எதிரே இருந்தது: பதிவு இல்லை.