உள்ளங்கைச் சூடு

இஸ்திரிக்கார அக்காவின் உள்ளங்கைகள் தாமாகச் சூடேறி, பெட்டி இல்லாமலே துணி தேய்க்க ஆரம்பித்தது ஒரு வெள்ளிக்கிழமை மதியம். அன்று தக்காளி விலை இரண்டு மடங்காகியிருந்ததால் தெருவில் எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். இருபத்திரண்டு வருஷமாகக் கரிப்பெட்டியைப் பிடித்த கை, பெட்டியிலிருந்து பிடிக்கும், பிடியிலிருந்து கைக்கும் சூடு ஏறியிருக்கும், இதில் என்ன அதிசயம் என்று எதிர்வீட்டு வாத்தியார் சொல்லிவிட்டார். அவர் ஒரு விஷயத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. தாய் தகப்பன் இல்லாமல் தானே இடுப்பில் தூக்கி வளர்த்த ஒரே தங்கையைக் கட்டிக்கொடுத்து, அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் அக்கா அவளை மலைக்கு பஸ் ஏற்றி அனுப்பியிருந்தாள். அதற்கப்புறம் தூக்கவோ அணைக்கவோ அந்தக் கைக்கு ஆள் இல்லை.

பெட்டி மேஜைக்கு அடியில் போனது. தண்ணீரைத் தெளிக்க வேண்டியது, உள்ளங்கையால் ஒரு இழுப்பு, காலருக்குக் கட்டைவிரல், மடிப்புக்குச் சுண்டுவிரல் ஓரம். கரிச்செலவு மிச்சம், சட்டையில் ஒரு கரும்புள்ளி கிடையாது. என்ன, மீதிச் சில்லறை கொடுத்தால் வாங்கினவர் "ஆ" என்று கீழே போட்டுவிடுவார். யாரையும் தொட முடியாது. தொட்டால் கொப்புளம். ஒண்டிக்கட்டைக்கு அதனால் என்ன என்று அவளும் இரண்டு வருஷம் இருந்துவிட்டாள்.

அப்புறம் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. "அக்கா, மூக்கு அப்படியே உன் மூக்கு. சீக்கிரம் வந்து தூக்கிக்கோ" என்று போனில் ஒரே கும்மாளம். அக்கா நாலு மாதம் சாக்குச் சொன்னாள். கல்யாணத் துணி வந்து குவிந்திருக்கிறது என்றாள், மூட்டு வலி என்றாள், பஸ்ஸில் வந்தால் தலை சுற்றும் என்றாள். கை விஷயம் போனில் சொல்கிற விஷயமா? கடைசியில் தங்கை பேசுவதை நிறுத்திவிட்டு, போனைக் குழந்தை வாயருகே வைத்தாள். அது "ஙா" என்றது. மறுநாள் காலை, இருபத்துநாலு வருஷத்தில் முதல்முறையாக இஸ்திரிக் கடை பூட்டியிருந்தது.

மலைப்பாதையில் முப்பத்தாறு வளைவுகள். எட்டாவது வளைவில் குளிர் ஏறியது, பத்தாவதில் மழை. நனைந்து ஏறிய பாட்டுக்காரர் ஒருவர் அக்காவின் கை பட்ட ஜன்னல் கண்ணாடியில் மட்டும் பனி காய்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, தன் துண்டை நீட்டினார். இருபதாவது வளைவுக்குள் அவள் ஏழு சால்வைகளும் கண்டக்டரின் குல்லாவும் உலர்த்தியிருந்தாள். வெளியே மலைமுழுக்கத் தேயிலை, தலை வாரிவிட்ட மாதிரி வரிவரியாக. பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு பெண்கள் மழையிலேயே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். மேலே தங்கை ஊரில் நாற்பத்தொரு நாளாக வெயில் இல்லை. தீக்குச்சி பற்றவில்லை, உப்பு தண்ணீராகிவிட்டது, பத்திரிகையை எல்லோரும் பிழிந்துவிட்டுத்தான் படித்தார்கள்.

தேயிலைத் தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்தது தங்கை வீடு. உள்ளே குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டி, காயாத குழந்தைத் துணிகள். தங்கை ஓடி வந்து கட்டிக்கொள்ளப் பார்த்தாள். அக்கா கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நேரே தொட்டிலிடம் போனாள். பார்த்தாள். மூக்கு அப்படியே அவள் மூக்கு. அந்தச் சந்தோஷத்தில் கை தன் பழக்கத்தைச் செய்துவிட்டது. எதைத் தொடும் முன்னும் தண்ணீர் தெளிக்கிற கை, பக்கத்திலிருந்த செம்பில் விரல் நனைத்துக் குழந்தையின் முகத்தில் சுளீரென்று தெளித்தது. குழந்தை வீறிட்டது. பதறிப்போய்ப் போர்வையைத் தொட்டாள், ஈரத்துணியிலிருந்து 'சொய்ங்' என்று ஆவி கிளம்பியது. அக்கா அப்படியே சுவரோரமாய் உட்கார்ந்து, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

தங்கை இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். "இதுக்குத்தானா நாலு மாசம் டிமிக்கி குடுத்த? நல்ல ஆளு போ. மொதல்ல எந்திரிச்சு இந்தத் துணியெல்லாம் காய வை."

அக்கா எழுபது துணிகளைக் காய வைத்தாள். விஷயம் பரவி, மறுநாள் வாசலில் வரிசை நின்றது. காலுறை, தலையணை, பள்ளிக்கூடப் புத்தகம், ஒருவர் நனைந்த நாயையே தூக்கிக்கொண்டு வந்தார். ஊரே அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. ஆனால் வந்தவர்கள் எல்லோரும் போகும்போது குழந்தையை ஒரு தடவை தூக்கிக் கொஞ்சிவிட்டுப் போனார்கள், அவள் மட்டும் தன் கைமேல் தானே உட்கார்ந்துகொண்டு பார்த்தாள். ஓடையில் ஒரு மணி நேரம் கையை முக்கி வைத்தும் பார்த்தாள். கை ஆறவில்லை, கீழே துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் வெந்நீருக்கு நன்றி சொல்லி அனுப்பினார்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம் தங்கை புருஷன் மூச்சிரைக்க ஓடி வந்தான். தொழிற்சாலையில் இலை காய வைக்கிற அடுப்புக்கு அவன்தான் பொறுப்பு. விறகு மொத்தமும் நனைந்து அடுப்பு அணைந்துவிட்டது. வாட்டி உருட்டின இலையோ பதமாகப் புளித்து, செம்புநிறமாகிக் காத்துக்கொண்டிருந்தது. அந்த நிமிஷம் காய வைக்காவிட்டால் வீண். "அக்கா, கொஞ்சம் வந்து கை குடுங்க!"

உள்ளே, நாள் முழுக்க இலைக்குள் மூக்கை நுழைத்துப் பதம் பார்ப்பதால் மூக்கண்ணன் என்று பெயரெடுத்த மேற்பார்வையாளர் தலையில் கை வைத்து நின்றிருந்தார். "மூணு நாளு மழையில பறிச்ச எலைம்மா. இருட்டுறதுக்குள்ள காயலன்னா குப்பைதான்."

அக்கா முதல் தட்டில் கையை முழங்கைவரை இலைக்குள் விட்டாள். குப்பென்று ஆவி எழுந்தது, கூடவே ஒரு வாசனை. அந்த வாசனைக்கு மூக்கண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு தட்டு, இரண்டு, மூன்று. நாலாவது தட்டில் அவளுடைய இடது சுண்டுவிரல் சில்லென்றது. ஐந்தாவதில் மோதிரவிரல். சட்டென்று கையை வெளியே எடுத்துவிட்டாள். இலைக்குள் போகிற சூடு திரும்பி வரவில்லை என்று புரிந்துவிட்டது. மிச்சம் ஏழு தட்டு. அதையும் முடித்தால் வெறுங்கையோடு ஊர் திரும்பி, துருப்பிடித்த பெட்டியை மறுபடி தூக்க வேண்டும், நாற்பத்திரண்டு வயதில். மூக்கண்ணனுக்கும் விளங்கிவிட்டது. "போதும்மா, இவ்ளோ பண்ணதே பெருசு. உன் பொழப்பப் பாரு" என்றார்.

அக்கா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "பெட்டி எங்கண்ணே ஓடிப்போகுது, மேஜைக்கு அடியிலதான கெடக்கு. அவ மூக்கு என் மூக்காம். மடியில வச்சுப் பாக்க வேணாமா?"

கடைசித் தட்டில் கடைசிப் பிடி இலை காய்ந்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது. சில்லிட்ட கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு, சேற்றில் வழுக்கி எழுந்து, அக்கா வீட்டுக்கு ஓடினாள். தங்கை குழந்தையை எடுத்து நீட்டினாள். பாழாய்ப்போன பழக்கம், கை மறுபடி செம்புக்குப் போய் முகத்தில் தண்ணீர் தெளித்துவிட்டது. ஐயோ என்று அக்கா நாக்கைக் கடித்துக்கொள்ள, குழந்தை இந்தத் தடவை யோசித்தது. யோசித்துவிட்டுப் பொக்கை வாயைத் திறந்து கெக்கெக்கே என்று சிரித்தது. அக்கா வாரி அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். "இவ்ளோ லேசாவா இருப்ப, கண்ணு" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னாள்.

அன்று காய்ந்த தேயிலையில் போட்ட டீ ஆறுவதில்லை. டீக்கடைக்காரர்கள் முதலில் குறைப்பட்டுக்கொண்டார்கள், ஒரு டம்ளரை வைத்துக்கொண்டு ஆட்கள் மூன்று மணி நேரம் பெஞ்சைத் தேய்க்கிறார்களாம். தபால் நிலைய ஜன்னலில் யாரோ மறந்து வைத்த அரை டம்ளர் இன்றும் சூடாக இருக்கிறது, ஊர்ப் பூனைகள் அதைச் சுற்றித்தான் படுக்கும். அக்கா ஊர் திரும்பி, பெட்டியைத் துலக்கி, கரி வாங்கினாள். வருஷம் முழுக்க அணைக்க ஆளில்லாமல் தேய்க்கத் தேய்க்கக் கையில் மறுபடி சூடு ஏறிவிடும். மழைக்காலம் வந்ததும் மூக்கண்ணனிடமிருந்து போன் வரும், அக்கா பஸ் ஏறுவாள். முதலில் தொழிற்சாலை, பன்னிரண்டு தட்டு, அப்புறம்தான் வீடு.

குழந்தைக்கு இப்போது ஏழு வயது. பெரியம்மா வருகிற நாளில் செம்பு நிறையத் தண்ணீரோடு தொழிற்சாலை வாசலில் நிற்பாள். அக்கா வெளியே வந்ததும் செம்பை நீட்டிவிட்டு, கண்ணை இறுக்க மூடி முகத்தை மேலே தூக்கிக்கொள்வாள். தண்ணீர் தெளிக்காமல் கட்டிக்கொள்ள வருகிறவர்கள்மேல் அவளுக்கு இன்றுவரை நம்பிக்கை இல்லை.